சோப்புக்குத் தமிழ் தெரியாதா?

போன வருஷம் மார்கழி இரண்டாம் வாரம் என் மனைவியின் வலது கணைக்காலில் சொறிந்த இடம் புண்ணாகிவிட்டது. சர்க்கரை உள்ள உடம்பு. கடுகளவு கீறல் காசளவு ஆயிற்று. ஆறுவதற்குள் மாசி பிறந்துவிட்டது. இந்த வருஷம் மார்கழி முப்பது நாளும் கழிந்துவிட்டது, கால் சுத்தமாக இருக்கிறது. நடுவில் என்ன மாறியது என்று சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். சொல்லும்போது கொஞ்சம் கோபமும் வரும். பாதிக் கோபம் குளியல் சாமான் விற்கிறவர்கள் மேல். மீதிப் பாதி என் மேல்.

சோப்புக்குப் போய் இவ்வளவு கோபமா என்று சிரிக்க வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

மாமல்லபுரத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னாலே வடக்கத்தியர்கள் சிரிப்பார்கள். தை மாதத்தில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பாரிஸ் பக்கம் குடியிருக்கும் என் தம்பி மகள் அந்த நாளில் கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையில் நடப்பாள். ஆனால் நமக்கு அது குளிர்தான். மழை ஓய்ந்தபின் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு ஒரு காற்று வீசும் பாருங்கள், அது உதட்டையும் காலையும் உலர்த்திவிடும். வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறைந்துகொண்டே போகிறது. வாலிபத்தில் தெரியாத பனி எழுபதில் தெரிகிறது.

என் மனைவிக்கு மார்கழி என்றால் தலசயனப் பெருமாள் கோயில். முப்பது நாளும் திருப்பாவைக்குப் போயாக வேண்டும். அதற்காக நாலரை மணிக்குக் குளியல். கீசரில் ஆவி பறக்கப் பறக்கத் தண்ணீர், உடம்பு முழுக்க இரண்டு தரம் சோப்பு. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் மறுபடியும் அதே கூத்து. பத்து நாளில் கணைக்கால் இரண்டும் வறண்ட ஏரிமண் போலப் பாளம் பாளமாக வெடித்தன. அரிப்பு. ராத்திரித் தூக்கத்தில் சொறிவாள். காலையில் பார்த்தால் ரத்தக்கோடு.

அவள் சும்மா இருக்கவில்லை. மளிகைக் கடையில் கிருமிநாசினித் திரவம் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். பெயரைச் சொல்ல வேண்டாம். டி.வி. விளம்பரத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் காப்பாற்றுவதாக இனிய தமிழில் சொல்லும். இவள் அதைச் சொறிந்த இடத்தில் அப்படியே ஊற்றித் தேய்த்தாள். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நாலு நாள் ஊற்றினாள். ஐந்தாம் நாள் புண்.

பிறகுதான் நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டிலின் முதுகைப் படித்தேன். எறும்பு வரிசை போன்ற ஆங்கில எழுத்தில் இருந்தது: தண்ணீரில் கலந்துதான் பயன்படுத்த வேண்டும், எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பாள், என் எழுத்துப் பிழைகளையும் திருத்துவாள். ஆங்கிலம் தெரியாது. அந்த இரண்டு வரி தமிழில் இருந்திருந்தால் அவள் படித்திருப்பாள். படித்திருந்தால் ஊற்றியிருக்க மாட்டாள்.

அதே வீட்டில் இரண்டு அந்நிய பாஷை படித்த ஒருவன் பேப்பர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்களுடைய மனுக்களை வரிக்கு வரி படித்துக் குறிப்பு எழுதிய கிளார்க், தன் வீட்டுக் குளியலறை பாட்டிலைப் படிக்கவில்லை. என் மேல் உள்ள பாதிக் கோபம் இதுதான்.

செங்கல்பட்டில் பார்த்த டாக்டர் சின்னப் பெண், என் பேத்தி வயதுதான் இருக்கும். காலைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, எவ்வளவு சூடாக் குளிக்கிறீங்க?" இரண்டாவது கேள்வி, "எத்தனை தரம் சோப்பு?" பதில் கேட்டதும் என் பக்கம் திரும்பி, "ஐயா, மருந்து எழுதித் தர்றேன். ஆனா சோப்பை நிறுத்தாம மருந்து வேலை செய்யாது" என்றார். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சோப்பு அக்குள், அரை, பாதம், இந்த மூன்று இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத களிம்போ தடவ வேண்டும். சர்க்கரைக்காரர்கள் கால் விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் வேறு தொல்லை. இவ்வளவுதான். கடையில் வாங்கச் சொன்ன சாமான் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் கார்த்திகையில் தம்பி மகள் வந்தாள். போன வருஷத்துக் கதையைப் போனில் கேட்டிருந்ததால் ஒரு பை நிறையக் கொண்டு வந்துவிட்டாள். "பெரியம்மாவுக்குத்தான் பெரியப்பா, நீங்க எடுத்துக்கக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாள். 'ஜெல் தூஷ்' என்கிற குளியல் திரவம், 'உயில் தூஷ்' என்கிற குளியல் எண்ணெய், வறண்ட தலைக்கு ஒரு 'ஷாம்ப்வேன்', டப்பாவில் ஒரு வெள்ளைக் களிம்பு. என் மனைவி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதாவது நீங்க படிச்சுச் சொல்லுவீங்களா?" என்றாள். அடி சரியான இடத்தில் விழுந்தது.

படித்தேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் ஊர் கைமாறியபோது எனக்கு விவரம் தெரியாத வயது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது அரைக்கால் சட்டைக்காரன், வாய்ப்பாட்டைப் பிரெஞ்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வந்தபின்தான் தமிழை ஒழுங்காக எழுதக் கற்றேன். அதனால் தமிழ் எனக்குப் பாலோடு வந்ததல்ல, பாடுபட்டு வந்தது. பாடுபட்டுச் சேர்த்ததன் மேல் கொஞ்சம் பற்று அதிகமாகத்தான் இருக்கும்.

அந்தப் பிரெஞ்சு பாட்டில்களில் எந்தத் தோலுக்கு, எப்படித் தேய்க்க வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் தெளிவான பிரெஞ்சில் இருந்தது. உட்பொருள் பட்டியல் மட்டும் உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதுகிற பெயர்கள். முதலில் 'அக்வா', லத்தீனில் தண்ணீர். பின்னால் எங்கேயோ 'பார்ஃபன்', பிரெஞ்சில் வாசனை. இந்த இரண்டு சொல்லும் நம் ஊர் பாட்டிலிலும் இருக்கின்றன, பாருங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முதலில் வாங்குவது தண்ணீர்தான்.

பிரெஞ்சுக்காரன் தன் பாஷையில் எழுதியது மரியாதைக்காக இல்லை. சட்டத்துக்காக. 1994 ஆகஸ்டில் அங்கே துபோன் சட்டம் என்று ஒன்று வந்தது. பிரான்சில் விற்கிற சாமானின் பெயர் விவரமும் பயன்படுத்தும் முறையும் பிரெஞ்சில் இருந்தாக வேண்டும். வேறு பாஷையும் இருக்கலாம், பிரெஞ்சு இல்லாமல் இருக்கக் கூடாது. அமெரிக்கச் சோப்பானாலும் அங்கே போனால் பிரெஞ்சு பேசித்தான் ஆக வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் வருஷத்து விதிகள், கட்டாயமாகப் போட வேண்டிய விவரங்கள் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கின்றன. கூடவே வேறு மொழியும் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அதாவது தமிழ் போடலாம், போடாமலும் விடலாம். விடலாம் என்றால் விடுவார்கள். கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் வேண்டும் என்று நம் மாநிலத்தில் விதி இருக்கிறது. பலகைக்குக் கீழே தொங்குகிற சோப்புக்கு இல்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது வேறு. இதே கம்பெனிகளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். டி.வி.யில் தமிழ். பஸ் முதுகில் தமிழ். சில உறைகளின் முன்பக்கத்திலேயே பெயர் தமிழில். வாங்கு என்று கூப்பிடும்போது கொஞ்சு தமிழ், வாங்கியபின் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால் ஆங்கிலம். பெண் கேட்க வரும்போது இனிக்க இனிக்கப் பேசிவிட்டுத் தாலி கட்டியபின் வாயே திறக்காத மாப்பிள்ளை மாதிரி.

இனி சோப்புக் கட்டிக்கு வருகிறேன். சின்ன வயதில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. கண்ணால் பார்க்கிற பொருளை வைத்துப் பாடம். ஒரு நாள் வாத்தியார் மேஜை மேல் மார்செய் நகரத்துச் சோப்புக் கட்டி ஒன்றை வைத்தார். சதுரக் கட்டி, அழகு ஒன்றும் இல்லை. அதன் முகத்தில் 72 என்று அச்சு பதிந்திருந்தது. நூற்றுக்கு எழுபத்திரண்டு எண்ணெய் என்று அர்த்தம். 1688-இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்திலேயே அந்தச் சோப்புக்குச் சட்டம் போட்டார்கள்: ஒலிவ எண்ணெய் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது, மீறினால் சரக்கு பறிமுதல். குளிக்கவே தயங்கினார் என்று கதை சொல்லப்படுகிற ராஜா, சோப்புக்குச் சட்டம் போட்டிருக்கிறார்.

நம்மிடமும் எண் இருக்கிறது. டி.எஃப்.எம். என்பார்கள், மொத்தக் கொழுப்புப் பொருள். இந்திய தர நிர்ணயப்படி குளியல் சோப்பு மூன்று தரம்: முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. அதற்கும் கீழே 'பாத்திங் பார்' என்று தனி ஜாதி, அதற்கு 40 இருந்தால் போதும். மீதியை நிரப்புவதற்கு வேறு பொடிகள். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி கட்டி, ஒரே மாதிரி வாசனை, அடுத்தடுத்துத் தொங்கும். ஒன்று சோப்பு, ஒன்று சோப்பு இல்லை. இந்த வித்தியாசம் உறையின் மடிப்பில் ஆங்கிலத்தில் இருக்கும். மார்செய்க்காரன் முகத்தில் அடித்ததை இவர்கள் இடுப்பு மடிப்பில் மறைக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். டி.எஃப்.எம். அதிகம் என்பதாலேயே சோப்பு மென்மையாகிவிடாது. சோப்பு என்பதே காரப் பொருள். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், 5 அல்லது 5.5 என்ற கணக்கு. சோப்பு 9, 10 வரை போகும். சோப்பே கலக்காமல் செய்கிற சில கட்டிகளும் 'பாத்திங் பார்' பெயரில்தான் வருகின்றன. அவற்றில் வறண்ட தோலுக்கு இதமானவையும் உண்டு. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்ததும் ஓட வேண்டியதில்லை. எது என்று தெரிந்து வாங்க வேண்டும். தெரிந்துகொள்ள வழி இல்லை என்பதுதான் என் சண்டை.

பாட்டில்கள் வந்துவிட்டதால் இந்த வருஷம் நானே பரீட்சை வைத்தேன். மனைவியின் கால் பரீட்சைக்கு இல்லை, அது டாக்டர் சொன்னபடியே நடந்தது. பரீட்சைக்கு என் இரண்டு கால். ஆபீசில் தன்பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டு, தேதி, தண்ணீர், தேய்த்தது, அரிப்பு, வெடிப்பு என்று தலைப்பு எழுதிவிட்டேன்.

முதல் வாரம் பழைய வழி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், உடம்பெல்லாம் வாசனைச் சோப்பு. நாலாம் நாள் இரண்டு காலும் நகத்தால் கோடு போட்டால் வெள்ளையாகத் தெரிந்தது. ராத்திரி இரண்டு தரம் எழுந்து சொறிந்தேன். இரண்டாம் வாரம் இடது காலுக்கு அந்தப் பிரெஞ்சுக் குளியல் எண்ணெய், வலது காலுக்குச் சோப்பு. தண்ணீர் வெதுவெதுப்பு. இடது கால் தேறியது, பொய் சொல்ல மாட்டேன். நல்ல சரக்கு. மூன்றாம் வாரம் இடது காலுக்குப் பாசிப்பயறு மாவு, வலது காலுக்கு வெறும் தண்ணீர். மாவு அழுக்கை எடுத்தது, ஆனால் குளிரில் அதுவும் கொஞ்சம் வறட்டியது. வெறும் தண்ணீர்க் கால் நன்றாக இருந்தது. நாலாம் வாரம் இரண்டு காலுக்கும் வெறும் வெந்நீர், ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். பதிவேட்டில் அரிப்புக் கட்டத்தில் ஏழு நாளும் 'இல்லை'.

ஒரு கிழவனுடைய இரண்டு கால் ஆராய்ச்சியாகாது என்பது எனக்கும் தெரியும். எதையும் நிரூபித்ததாகச் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்த எண்ணெயும் அடுப்பங்கரைத் தேங்காய் எண்ணெயும் என் காலுக்கு ஒரே பலனைத் தந்தன என்று மட்டும் சொல்கிறேன். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது சூடு குறைந்த தண்ணீரும் சோப்பு இல்லாததும்.

தலைக்கு வருவோம். என் தலையில் பரீட்சை வைக்க மயிர் போதாது, அது மனைவியின் இலாகா. ஷாம்பு என்ற சொல்லே நம்மிடமிருந்து போனது. அமுக்கிப் பிடித்துவிடுவதற்கு இந்தியில் உள்ள சொல். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் குளியல் நிலையம் வைத்து, இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பு வைத்தியர்' என்று பட்டம் வாங்கினார். அது ஆங்கிலத்துக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய் 'ஷாம்ப்வேன்' ஆகி, பாட்டிலில் அடைபட்டு என் தம்பி மகள் பையில் திரும்பி வந்திருக்கிறது.

ஷாம்புவைத் திட்டி எழுதினால் கைதட்டுவீர்கள், தெரியும். ஆனால் நான் திட்டப் போவதில்லை. எங்கள் கடற்கரை வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்தால் நுரைக்காது, பால் திரிந்த மாதிரி திரிந்து தலைமயிரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் சோப்புப் போட்டுத் தலை முழுகிய பெண்களைக் கேளுங்கள், சீப்பு இறங்காது. ஷாம்பு அந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். அதைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்துக் கூலிக்காரப் பெண்ணும் வாங்கும்படி செய்தது வெளிநாட்டான் இல்லை. இதே கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருகிற கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொடங்கிய ஷாம்புவுக்கு அப்பா பெயரின் எழுத்துக்களிலிருந்துதான் 'சிக்' என்று பெயர் வைத்தார். காலணாவுக்குக் கணக்குப் பார்க்கிற ஜனங்களுக்கும் நல்ல குளியல் வேண்டும் என்று யோசித்த மூளை அது. குறை என்று பார்த்தால், அந்தப் பொட்டலம் இன்னும் மக்காமல் எங்கள் கடற்கரையில் அலையோடு வந்து ஒதுங்குகிறது.

சீயக்காய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சீயக்காயும் அரப்பும் உப்புத் தண்ணீரில் திரியாது, நல்லதுதான். ஆனால் எண்ணெய் இல்லாத தலையில் தேய்த்தால் அதுவும் வறட்டும். 'மூலிகை' என்று பச்சை இலை படம் போட்டுவிட்டால் எல்லாம் அமிர்தம் என்று நம்புவது, வெள்ளைக்காரி படம் போட்டால் நம்புவதற்குத் தங்கை. இன்னொன்று: நம் வயதில் குளியலறைக்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பது இடுப்பெலும்புக்கு நாமே வைக்கிற குழி. குளித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து தடவுங்கள். அதுவே போதும்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பூனை ஞாபகம் வருகிறது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் கீழே கங்கைக் கரையில் ஒருவர் குளித்து முடித்து ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். ஆயிரத்து முந்நூறு வருஷமாகப் பிழிகிறார். அவர் பக்கத்தில் பாட்டில் ஒன்றும் இல்லை. அதே பாறையில் யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. எலிகள் அதை மகானாக நினைத்துக் கும்பிடுகின்றன. சோப்பு விளம்பரம் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தப் பூனைதான் தெரிகிறது. பூனை மேல் தப்பு இல்லை, அது பூனை. எலிதான் கண்ணைத் திறக்க வேண்டும்.

அண்ணாச்சி கடையில் இதைப் பேசினேன். "சார், யாரு சார் இதெல்லாம் படிக்கிறாங்க? வாசனை பாப்பாங்க, விலை பாப்பாங்க, போயிடுவாங்க" என்றார். படிக்க முடியாத பாஷையில் எழுதிவிட்டு யாரும் படிப்பதில்லை என்பது, பூட்டிய கதவைக் காட்டி யாரும் உள்ளே வருவதில்லை என்பது போல. எங்கள் ஆபீசிலும் நூறு கோப்புக்குத் தொண்ணூற்றொன்பதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அதற்காகக் குறிப்பு எழுதாமல் விட்டோமா? அந்த நூறாவது ஆளுக்காகத்தான் எழுதினோம். என் வீட்டில் அந்த நூறாவது ஆள் என் மனைவி.

உறையில் இடம் இல்லை என்பார்கள். நடிகையின் கூந்தலுக்கு இடம் இருக்கிறது, பாலும் ரோஜாவும் சிந்துவதற்கு இடம் இருக்கிறது. 'முதல் தரம், 76' என்று எழுத இரண்டு விரல் அகலம் போதும். 'தண்ணீரில் கலந்து பயன்படுத்தவும்' என்பது மூன்றே சொல். இந்தியாவில் இத்தனை பாஷை, எல்லாவற்றிலும் எப்படிப் போடுவது என்பார்கள். டி.வி. விளம்பரத்தை அத்தனை பாஷையிலும் எடுக்கும்போது இந்தக் கணக்கு ஏன் வரவில்லை?

தமிழ் வெறியா என்று ஒரு நண்பர் கேட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆங்கிலத்தை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் தமிழையும் போடு என்கிறேன். பாஷைக்காகக்கூட இல்லை, காலுக்காக.

ஆகவே மூன்று வரியில் ஒரு மனு எழுதினேன். தமிழ்நாட்டில் விற்கிற குளியல் சாமான்களில் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் தமிழிலும் இருக்க வேண்டும். சோப்பா, சோப்பு இல்லாத கட்டியா என்பதும் டி.எஃப்.எம். எண்ணும் உறையின் முகத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். எழுத்து, கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணுக்கும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த ஐந்து பாட்டில், நாலு உறையில் அச்சிட்டிருந்த புகார் விலாசங்களுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. ஆங்கிலத்தில். முப்பது வருஷம் 'மனு பரிசீலனையில் உள்ளது' என்று எழுதியவனுக்கு இது என்னவென்று தெரியாதா? மறுபடியும் அனுப்புவேன். நீங்களும் அனுப்புங்கள். ஒரு மனு குப்பைக்குப் போகும். ஒரே விஷயத்துக்கு ஐம்பது மனு வந்தால் எந்த ஆபீசிலும் தனிக் கோப்பு திறந்தாக வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். தண்ணீர் கை பொறுக்கிற வெதுவெதுப்பு. குளியல் ஐந்து நிமிஷம். சோப்பு மூன்று இடம். ஈரத்தோடு எண்ணெய், விரல் இடுக்கு தவிர. புண்ணோ தீராத அரிப்போ இருந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள், அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. பேரனோ பேத்தியோ வீட்டுக்கு வந்தால் போனைக் கொஞ்சம் கீழே வைக்கச் சொல்லி, குளியலறையில் உள்ள ஒவ்வொரு பாட்டிலின் முதுகையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கம்பெனி செய்யாததைக் குழந்தைகள் செய்யட்டும். முக்கியமானதைப் பேனாவால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியாயிற்று.

ஆண்டாள் பாடிய பெண்கள் மார்கழியில் விடியலில் நீராடினார்கள், ஆனால் அந்த மாதம் கண்ணுக்கு மையும் தலைக்குப் பூவும் வேண்டாம் என்று விரதமும் வைத்தார்கள் என்று என் மனைவி ஞாபகப்படுத்தினாள். குளியலுக்கான மாதத்தில் அலங்காரச் சாமானைக் குறைத்திருக்கிறார்கள். அந்தப் பிரெஞ்சு பாட்டில்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள், கொண்டு வந்த பெண்ணின் அன்புக்காக. காலுக்குத் தேங்காய் எண்ணெய்தான். முப்பது நாளும் நடந்தே கோயிலுக்குப் போய் வந்தாள். போன வருஷத்துத் தழும்பு மட்டும் கணைக்காலில் கருப்பாக இருக்கிறது.